இரவு பத்து மணிக் கேள்விகள்

பி.எட். மாணவர்கள் செல்போனால் கெட்டுப்போகிறார்கள் என்ற பேச்சு இப்போது எங்கு போனாலும் காதில் விழுகிறது. கல்வியியல் கல்லூரி ஆசிரியர்களும் பள்ளித் தலைமையாசிரியர்களும் சேர்ந்து உட்காரும் இடத்தில் இதைச் சொல்லாமல் யாரும் எழுந்து போவதில்லை. "பாடக்குறிப்பை வாட்ஸ்அப் குழுவில் கேட்டு வாங்கி எழுதுகிறார்கள். சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டுவதில்லை, குழுவில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எம்.எஸ்சி. முடித்தவருக்கு எட்டாம் வகுப்புப் பாடத்தில் என்ன சந்தேகம்? நாங்களெல்லாம் யாரைக் கேட்டுப் படித்தோம்?" என்று வரிசையாக வரும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில், கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும் வாரங்களில் எந்தக் குழுவிலும் இருக்க மாட்டோம் என்று மாணவர்களிடம் எழுதியே வாங்கிவிட்டார்கள்.

நான் இருபத்தாறு ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஆள் இல்லாத ஆண்டுகளில் கணக்கும் நடத்தியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் என் பள்ளிக்கு ஐந்தாறு பயிற்சி ஆசிரியர்கள் வருகிறார்கள். அவர்களும், முன்பு வந்துபோனவர்களும், பல ஊர்களில் வேலை பார்க்கும் அனுபவமுள்ள ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்த ஒரு குழுவில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். மொத்தம் நாற்பது பேர். அறிவியலும் கணக்கும் மட்டும்தான் பேச்சு. அங்கே இரவு ஒன்பதரைக்கு மேல் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பொதுக்கருத்து தவறு. ஆசிரியராகப் போகும் பிள்ளைகளுக்கு அது பெரிய கெடுதல் செய்கிறது.

போன ஆண்டு ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். வேதியியல் முதுகலை முடித்த ஒரு பயிற்சி மாணவி, வேறொரு ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுத்தார். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார். சுடர் அணைந்தது, டம்ளருக்குள் தண்ணீர் ஏறியது. "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அந்த இடத்துக்குத்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது" என்றார். நாமெல்லாரும் படித்த விளக்கம்தான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மிஸ், ரெண்டு மெழுகுவத்தி வெச்சா?" என்று கேட்டான். கையில் இன்னொன்று இருந்தது, வைத்துப் பார்த்தார். தண்ணீர் முன்பைவிட நன்றாக மேலே ஏறியது. "அப்ப ஆக்சிஜன் கூடிப்போச்சா மிஸ்?"

மணி அடித்துவிட்டது. வழிகாட்டி ஆசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவருக்குப் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ். "புத்தகத்தில் இருக்கிறதைச் சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டார். இரவு பத்து மணிக்குச் சற்று முன்னால் அந்தக் கேள்வி குழுவுக்கு வந்தது. கூடவே ஒரு வரி: "எம்.எஸ்சி. படிச்சுட்டு இதைக் கேக்க வெக்கமா இருக்கு. ஆனா நாளைக்கு அந்தப் பையன் முகத்தைப் பாக்கணும்."

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. மதுரைப் பக்கத்து இயற்பியல் ஆசிரியர் ஒருவர் திருப்பி ஒரு கேள்விதான் போட்டார்: "தண்ணீர் எப்போது ஏறிச்சு? எரியும்போதா, அணைஞ்ச பிறகா?" அந்தப் பெண் கவனித்திருக்கவில்லை. அடுப்படிக்குப் போய் மறுபடி செய்து வீடியோ எடுத்து அனுப்பினார். சுடர் இருக்கும்வரை தண்ணீர் அதிகம் அசையவில்லை. அணைந்த சில நொடிகளில் விறுவிறுவென்று ஏறியது. ஆக்சிஜன் தீரத் தீர ஏறுவது என்றால் எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும். இன்னொரு பயிற்சி மாணவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, டம்ளரைக் கவிழ்த்தவுடன் விளிம்பில் இரண்டு மூன்று குமிழிகள் வெளியே போவதைக் காட்டினார். அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. சுடரின் சூட்டில் காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியே தப்பிப் போகிறது. சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இரண்டு மெழுகுவர்த்தி என்றால் சூடாகும் காற்று அதிகம், தப்பும் காற்று அதிகம், ஏறும் தண்ணீரும் அதிகம்.

ஆக்சிஜன் எங்கே போனது என்ற கணக்கை வேதியியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 25 கார்பன் அணுக்கள் கொண்ட மெழுகு மூலக்கூறு ஒன்று முழுதாக எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். கிடைப்பது 25 கார்பன் டை ஆக்சைடு, 26 நீராவி. நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், போன 38க்குப் பதில் 25 வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதோடு, காற்றில் ஆக்சிஜன் சுமார் 16 விழுக்காடு மிச்சம் இருக்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஆக்சிஜன் செலவானதால் குறையும் கன அளவு நூற்றில் இரண்டு பங்குகூட வராது. ஐந்தில் ஒரு பங்கு எங்கே, இது எங்கே!

மறுநாள் அந்தப் பெண் வகுப்பில் போய், "நேத்து நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று மெழுகுவர்த்திகளை வைத்து அளந்து பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டார்.

இப்போது நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஐந்தில் ஒரு பங்கு விளக்கத்தை நான் பதினோரு ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது. "நாங்களெல்லாம் யாரைக் கேட்டுப் படித்தோம்" என்று பெருமையாகச் சொல்லும் தலைமுறையைச் சேர்ந்தவன்தான் நானும். யாரையும் கேட்கவில்லை, அதனால் யாரும் திருத்தவில்லை. நான் மட்டும் இப்படி இல்லை. இந்தத் தவறான விளக்கம் ஏன் இத்தனை காலமாகச் சாகாமல் இருக்கிறது என்று ஜேம்ஸ் பர்க், ஆண்டன் லாசன் என்ற இருவர் 1999இல் ஓர் அமெரிக்க வேதியியல் கல்வி இதழில் தனிக் கட்டுரையே எழுதினார்கள். உலகம் முழுக்க ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நடத்தினால் தவறுக்கு ஆயுசு கெட்டி.

பட்டம் வாங்கியவருக்குப் பள்ளிப் பாடத்தில் என்ன சந்தேகம் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில்தான் எல்லாக் கோளாறும் அடங்கியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சார்லஸ் விதி தெரியும். எரிதலின் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவார். ஆனால் ஒரு டம்ளருக்கு முன்னால் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி பள்ளியிலும் கல்லூரியிலும் அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இதைப் பிரித்துக் காட்டினார். பாடம் தெரிவது ஓர் அறிவு. அந்தப் பாடத்தைக் கற்கும் பிள்ளை எங்கே தடுக்கும், எந்த உதாரணத்தில் பிடிபடும், எந்தத் தவறான எண்ணத்தோடு வகுப்புக்குள் வரும் என்று தெரிவது வேறோர் அறிவு. இந்த இரண்டாவது அறிவு ஆசிரியருக்கு மட்டுமே உரியது, விஞ்ஞானிக்கு அது தேவைப்படாது. பி.எட். பாடநூலில் ஷுல்மன் பெயரை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்குகிறோம். அவர் சொன்னதை நம்பத்தான் மறுக்கிறோம்.

1987இல் அமெரிக்காவில் ஓர் ஆவணப்படம் வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் மாணவர்கள், பேராசிரியர்கள், பழைய மாணவர்கள் என்று 23 பேரிடம் கோடையும் குளிரும் ஏன் வருகின்றன, அல்லது நிலவுக்குப் பிறைகள் ஏன் வருகின்றன என்று கேட்டார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை என்று பலர் தயங்காமல் சொன்னார்கள். படிப்பில் குறைந்தவர்களா அவர்கள்? பட்டம் வாங்கிவிட்டால் பள்ளிப் பாடம் தானாகத் தெளிவாகிவிடும் என்ற எண்ணத்துக்கு அந்த 21 பேருக்குப் பிறகு என்ன ஆதாரம் மிச்சம் இருக்கிறது?

கணக்கில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். லிபிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 23 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடமும் சீனாவில் 72 பேரிடமும் ஒரே கணக்கைக் கொடுத்தார். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். பிறகு அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். அமெரிக்க ஆசிரியர்களில் சரியாகக் கணக்கிட்டு முடித்தவர்கள் 9 பேர். கதையைச் சரியாக அமைத்தவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் கணக்கைச் சரியாகச் செய்தார்கள், 65 பேர் கதையும் சொன்னார்கள். ஆனால் அந்தச் சீன ஆசிரியர்கள் ஒன்பது ஆண்டு பள்ளி, அதற்கு மேல் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியப் பயிற்சி, அவ்வளவுதான் படித்தவர்கள். அமெரிக்கர்கள் எல்லாரும் கல்லூரிப் பட்டதாரிகள். படிப்பு குறைந்தவருக்கு எப்படிக் கூடுதலாகத் தெரிந்தது? 1999இல் வந்த தன் நூலில் லிபிங் மா அதற்குக் காரணம் சொல்கிறார். அந்த ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பாடநூலை வரிவரியாகப் படிக்கிறார்கள். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகும், பல ஆண்டுகள் கழித்தும்.

அந்தக் கணக்கை எங்கள் குழுவிலும் ஒருநாள் போட்டேன். பயிற்சி மாணவர்களில் பதினொரு பேர் கதை அனுப்பினார்கள். எட்டுக் கதைகள் இந்த மாதிரி இருந்தன: "ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரையை இரண்டு பேருக்குப் பாதிப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு?" அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது இல்லை. எழுதியவர்கள் எல்லாரும் கணிதப் பட்டதாரிகள். ஒருவர் மட்டும், "ஒன்றே முக்கால் லிட்டர் பால் வேண்டும், அரை லிட்டர் பாக்கெட் எத்தனை வாங்க வேண்டும்?" என்று எழுதினார். மூன்றரை பாக்கெட். சரி. விடை ஒன்றே முக்காலைவிடப் பெரிதாக வருகிறதே, வகுத்தால் சிறிதாகத்தானே வர வேண்டும் என்று ஒருவர் கேட்க, அரை மணி நேரம் அதில் போனது. பிள்ளைகளும் அங்கேதான் தடுமாறுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு வந்த கதையை இன்றும் நான் வகுப்பில் சொல்கிறேன். திருமணமாகிக் கைக்குழந்தையோடு பி.எட். படிக்கும் ஒரு பெண் வாய்ஸ் மெசேஜில் சொன்னார்: "ஒரு பாத்திரத்துல பாதி வரைக்கும் நிரம்ப ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணி ஆச்சுன்னா, முழுப் பாத்திரத்துக்கு எவ்ளோ ஆகும்?" பாதிக்கு இவ்வளவு என்றால் முழுசுக்கு இரண்டு மடங்கு. அரையால் வகுப்பது இரண்டால் பெருக்குவதுதான். "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று காலம் காலமாகக் காரணம் சொல்லாமல் ஒப்பிக்க வைத்த விதிக்கு ஒரு பாத்திரத்தில் காரணம் கிடைத்துவிட்டது. பின்னணியில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. இந்தப் பெண் எந்தக் கருத்தரங்குக்குப் போய் இதைச் சொல்லியிருப்பார்? எந்த நூலகத்தில் மாலை முழுக்க உட்கார முடியும் அவரால்? குழுவைக் கலைக்கச் சொல்பவர்கள் இவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காப்பியடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அடிக்கிறார்கள், உண்மைதான். பாடக்குறிப்பு பி.டி.எஃப். வடிவில் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் போகிறது. மறைக்க நான் வரவில்லை. ஆனால் செல்போன் வருவதற்கு முன்னால் இது இல்லையா? நான் பி.எட். படித்தது ஒரே ஆண்டுப் படிப்பாக இருந்த காலம். விடுதியில் சீனியர் ரெக்கார்டு அறை அறையாகச் சுற்றும். தேதியை மட்டும் மாற்றி எழுதினோம். பணம் கொடுத்தால் ரெக்கார்டு எழுதிக் கொடுக்கும் ஆட்களும் இருந்தார்கள். காரணம் அப்போதும் இப்போதும் ஒன்றே. பத்துக் கணக்கில் பாடக்குறிப்பு, எல்லாம் ஒரே வடிவத்தில், "மாணவர்கள் அறிவர், புரிந்துகொள்வர், பயன்படுத்துவர்" என்று ஒரே வாய்பாட்டில் எழுதச் சொல்கிறோம். எழுதியதை யாரும் படிப்பதில்லை. பக்கங்கள் இருக்கின்றனவா, கையெழுத்து இருக்கிறதா, அட்டை போட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். யாரும் படிக்காத எழுத்தை யாரும் சொந்தமாக எழுத மாட்டார்கள். அந்த நோயை நாம் வளர்த்துவிட்டு, அதை ஏற்றிச் செல்லும் வண்டியைக் குற்றம் சொல்கிறோம்.

பி.டி.எஃப். கொட்டும் சேனல்களையும் நான் சொல்லும் குழுவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இந்த விவாதத்தின் பெரிய தவறு. ஆயிரம் பேர் உள்ள சேனலில் யாருக்கும் யாரையும் தெரியாது. கேள்வி கேட்டால் பதிலுக்குப் பதில் இன்னொரு ஃபைல் வரும். அதை மூடினால் எனக்கு வருத்தம் இல்லை. கூட்டம் வேறு, குழு வேறு. முப்பது நாற்பது பேர், ஒரே பாடம், பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழக்கம், நடுவில் அனுபவமுள்ள சிலர், ஃபார்வர்டுக்குத் தடை. இப்படி இருந்தால் ஃபைல் கேட்டு வருபவர் தானாகக் குறைகிறார். "லெசன் பிளான் இருக்கா சார்" என்று கேட்டு வந்த ஒரு பையனிடம், "நீ எழுதினதைப் போடு, பார்த்துச் சொல்றோம்" என்று சொன்னோம். முதலில் போடவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டான். இன்றைக்கு மற்றவர்களின் பாடக்குறிப்பைத் திருத்திக் கொடுப்பவன் அவன்தான்.

தவறான தகவல் பரவுமே என்கிறார்கள். பரவும். ஒருமுறை ஒருவர், நிலவில் பிறைகள் வருவது பூமியின் நிழல் விழுவதால்தான் என்று உறுதியாக எழுதினார். நாலு நிமிடத்தில் ஒருவர் மறுத்தார். இன்னொருவர் ஒரு விளக்கையும் ஒரு டென்னிஸ் பந்தையும் வைத்துக்கொண்டு, பந்தைச் சுற்றி எடுத்து வீடியோ போட்டார். பூமியின் நிழல் விழுவது கிரகணத்தில் மட்டும்தான் என்று எல்லாரும் பார்த்தார்கள். தவறு அங்கே வெளிச்சத்தில் நடந்தது, அதனால் திருத்த முடிந்தது. என் ஐந்தில் ஒரு பங்கு யார் கண்ணிலும் படாமல் பதினோரு ஆண்டுகள் இருந்தது.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே, 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கோடுகூட இருக்கிறதே, குழு எதற்கு என்றும் கேட்கிறார்கள். வீடியோ பாடத்துக்குப் பதில் சொல்லும். கடைசி பெஞ்சுப் பையன் கேட்டதற்குப் பதில் சொல்லாது. "தண்ணீர் எப்போது ஏறிச்சு" என்று திருப்பிக் கேட்கவும் அதற்குத் தெரியாது.

ஒரு குறையை மட்டும் நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. குழுவில் சேர்ந்த பெண் பிள்ளைகளுக்கு முன்பின் தெரியாத ஆட்கள் தனியாக மெசேஜ் அனுப்பித் தொந்தரவு செய்வது நடக்கிறது. எங்கள் குழுவிலேயே ஒருமுறை நடந்தது. அந்த ஆளை அன்றே நீக்கினோம். இரண்டு மூத்த பெண் ஆசிரியர்களை அட்மினாக வைத்தோம். யார் அறிமுகப்படுத்துகிறார்கள் என்று தெரியாமல் யாரையும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தோம். பெற்றோரும் கல்லூரியும் இதற்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை மதித்துத்தான், பொறுப்பானவர்கள் நடத்தும் சிறு குழுக்கள் வேண்டும் என்கிறேன். மொத்தமாகத் தடுத்தால் பிள்ளைகள் யாரென்றே தெரியாதவர்கள் நடத்தும் பெரிய சேனல்களுக்குத்தான் போவார்கள்.

ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்டுக் கற்பது செல்போன் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஹோஷங்காபாத்தை நினைவுபடுத்த வேண்டும். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் 16 பள்ளிகளில் பிள்ளைகள் தாமே சோதனை செய்து படிக்கும் அறிவியல் திட்டத்தைத் தொடங்கின. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை எடுத்து வளர்த்தது. அதன் உயிர்நாடி மாதாந்திரக் கூட்டம். கிராமத்து ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஒரு பள்ளியில் கூடி, வகுப்பில் எது பலிக்கவில்லை, பிள்ளைகள் என்ன கேட்டார்கள், எந்தச் சோதனை சொன்னபடி வரவில்லை என்று பேசினார்கள். குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லும் அர்விந்த் குப்தாவுக்கு வழி காட்டியதும் அந்தத் திட்டம்தான். 2002இல் மாநில அரசு அதை மூடிவிட்டது. எந்தச் சோதனையும் தோற்று அது நிற்கவில்லை. ஓர் அரசாணை நிறுத்தியது. நம் பக்கம் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் 'துளிர்' இதழும் கிராமத்து ஆசிரியர்களை ஒன்றுசேர்த்தன. ஜப்பானில் ஓர் ஆசிரியர் பாடம் எடுக்க, மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்த்து, பிறகு உட்கார்ந்து அலசும் வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது.

இணையம், கைப்பேசி வழியாகவும் இது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. கர்நாடகத்தில் அரசுப் பள்ளிக் கணித, அறிவியல் ஆசிரியர்களைப் பாடவாரியாக இணையத்தில் இணைத்தார்கள். டாட்டா சமூக அறிவியல் கழகமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் டாட்டா டிரஸ்ட்ஸும் சேர்ந்து 2015இல் தொடங்கிய கிளிக்ஸ் திட்டம் சத்தீஸ்கர், மிசோரம், ராஜஸ்தான், தெலங்கானா ஆசிரியர்களுக்கு டெலிகிராம் குழுக்களை அமைத்தது. அவையெல்லாம் வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு. அவர்களுக்கே தேவைப்பட்டது, இன்னும் வகுப்பே எடுத்துப் பழகாத பிள்ளைகளுக்குத் தேவைப்படாதா?

பயிற்சி மாணவரின் தனிமையை யாரும் பேசுவதில்லை. நீதிபதி வர்மா குழுவின் 2012 அறிக்கைக்குப் பிறகு, 2014 விதிமுறைகளால் பி.எட். இரண்டாண்டாயிற்று. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். அந்தப் பள்ளியில் இயற்பியல் பயிற்சி மாணவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். வழிகாட்டி ஆசிரியருக்குத் தன் வகுப்புகளும் எமிஸ் இணையதளப் பதிவும் தேர்வுத்தாளும். பயிற்சி மாணவர் வந்தால் தன் பீரியடை ஒப்படைத்துவிட்டு அவர் அந்த வேலைகளைப் பார்க்கப் போகிறார், அவரையும் குறை சொல்ல முடியாது. கல்லூரி ஆசிரியர் இரண்டு மூன்று தடவை வருவார். வந்தால் கையில் மதிப்பெண் தாள் இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் இந்தத் தாளில் வந்து நிற்கிறது. பதில் சொல்லத் தெரிந்தவர் கையில்தான் மதிப்பெண்ணும் இருக்கிறது. அவரிடம் போய் "எனக்கு இது தெரியவில்லை" என்று ஒரு மாணவி எப்படிச் சொல்வார்? வகுப்பில் பிள்ளைகள் முன்னால் சொல்லப் பயம், வழிகாட்டி முன்னால் சொல்லக் கூச்சம், கல்லூரியில் சொன்னால் மதிப்பெண் போகும். தெரியவில்லை என்று சொல்ல இடமே இல்லாமல் இரண்டு ஆண்டுகள் வளர்த்து, வகுப்புக்குள் அனுப்புகிறோம். அப்படி வளர்ந்தவர் கேள்வி கேட்கும் பிள்ளையை என்ன செய்வார்? "உக்காரு, சிலபஸ்ல இல்லாததைக் கேக்காதே" என்பார். நம் பள்ளிகளில் இந்த வாக்கியம் எவ்வளவு சாதாரணம் என்று எல்லாருக்கும் தெரியும். அது கெட்ட குணத்தால் வருவதில்லை. தெரியாததை வெளியே காட்டக் கூடாது என்று கற்ற பாடத்தால் வருகிறது. மதிப்பெண் போடும் யாரும் இல்லாத ஓர் இடத்தில், தன் வயதுப் பிள்ளைகள் நாலு பேரும் தனக்குத் தெரியாது என்று சொல்வதைக் கேட்டுப் பழகியவர்தான், மறுநாள் வகுப்பில் "நேத்து நான் சொன்னது தப்பு" என்று நிமிர்ந்து நின்று சொல்கிறார்.

ஆகவே கல்லூரிகளிடம் நான் கேட்பது இதுதான். குழுக்களை நீங்களே தொடங்கிக் கொடுங்கள், ஆனால் மதிப்பெண் போடுபவர்கள் அதில் இருக்காதீர்கள். இருந்தால் அது சுற்றறிக்கை ஒட்டும் பலகையாகிவிடும், ஒரு கேள்வி வராது. உங்கள் பழைய மாணவர்களில் நன்றாகப் பாடம் எடுக்கும் பத்துப் பேரை அழையுங்கள். இரவில் அரை மணி நேரம் கொடுக்கப் பலர் தயாராக இருக்கிறார்கள். இருபது பாடக்குறிப்பு கேட்கும் இடத்தில் எட்டுக் கேளுங்கள், அந்த எட்டையும் படியுங்கள். செய்முறைத் தேர்வுக்குக் கமிஷன் என்ற தேர்வாளர் குழு வரும்போது சார்ட்டின் அழகைப் பார்க்கும் நேரத்தில், "பிள்ளைகள் கேட்டதில் உனக்குத் தெரியாமல் போனது எது, அதை யாரிடம் கேட்டாய், பிறகு என்ன செய்தாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்த வேதியியல் மாணவி தன் ரெக்கார்டில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்திருந்தார். இடப்பக்கம் டம்ளரின் படம், பிள்ளைகளில் ஒருத்தி வரைந்தது. வலப்பக்கம் ஒரு மெழுகுவர்த்தி, இரண்டு, மூன்று என்று தண்ணீர் ஏறிய உயரங்கள், மூன்று மூன்று தடவை அளந்து பென்சிலால் எழுதியவை. கீழே, நான் முதலில் சொன்னது, ஏன் தவறு, குழுவில் யார் என்ன கேட்டார்கள் என்று ஏழெட்டு வரி. கடைசியில், கடைசி பெஞ்சுப் பையன் அன்றைக்குக் கேட்ட புதுக் கேள்வி: ஐஸ் தண்ணீரில் செய்தால் இன்னும் மேலே ஏறுமா? வடிவத்தில் இல்லாத பக்கம் என்று சொல்லிக் கல்லூரியில் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் எடுத்துவிட்டு, படம் பிடித்து எங்களுக்கு அனுப்பினார். அந்தப் பக்கத்துக்கு ரெக்கார்டில் இடம் கொடுங்கள்.